கதவில்லாத காம்பராவில் நாவல் எழுதுவது எப்படி?

இங்கிலீஷில் வரும் இளையோர் நாவல்களில் பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கும். மனசு சரியில்லை என்றால் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் குப்புற விழுவார்கள். தனக்கு ஆசை வருவது பையன் மேல் அல்ல, கூடப் படிக்கும் பெண்ணின் மேல்தான் என்று கதாநாயகி கண்டுபிடிப்பதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். பிறகு முந்நூறு பக்கத்துக்கு, அதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பாள்.

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இந்தக் கதையை நடத்தப்போகிறீர்கள் என்றால், முதல் வேலையாக அந்தக் கதவைக் கழற்றி இஸ்தோப்பில் சாத்தி வையுங்கள். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, அக்கா, தங்கச்சி, அரிசி மூட்டை, சாமிப்படம், டீவி. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்தலாம். இந்த இடத்தில் இரகசியத்தை எங்கே வைப்பீர்கள்?

அடுத்து, அக்காவும் தங்கச்சியும். இருவருக்கும் ஒரு பாய், ஒரு போர்வை. அக்கா சாதாரண தரத்தோடு நின்று கொழுந்துக்குப் போய், படங்கு கட்டின இடுப்பு ஒரு வருசத்திலேயே அலுத்து, கட்டுநாயக்க கார்மன்ட்டுக்குப் போய், லீவுக்கு வீடு வருபவள். தங்கச்சி பதுளைக்கு பஸ் ஏறி உயர்தரம் படிப்பவள். ஒருத்தி நின்றதால்தான் மற்றவள் படிக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். போட்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வெளிநாட்டு நாவலில்போல நடனப்போட்டி, அழகிப்போட்டி என்றெல்லாம் கஷ்டப்பட வேண்டாம். குண்டு பல்பு ஒன்று, போன் ஒன்று, குளிருக்குப் போர்வையின் நல்ல பாதி ஒன்று. சண்டை தானாக வரும்.

மூன்றாவது ஆள், டியூஷனில் தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை. இவளைக் கொண்டுவருவது சுலபம். தோட்டத்தில் ஒரு பையனோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தால், பிள்ளை வீடு வந்து சேருமுன்னே செய்தி பிரட்டுக்களத்துக்கு வந்துவிடும். ஒரு பெண் பிள்ளையோடு கைகோர்த்துக்கொண்டு ஹாலிஎல டவுனை இரண்டு சுற்றுச் சுற்றலாம். மழை என்று சொல்லி அவள் வீட்டில் இராத்தங்கலாம். "நல்ல கூட்டாளி, வம்பு தும்புக்குப் போகாதவ" என்று அம்மா பெருமைப்படுவார். இந்தப் பெருமையை நாவலின் நடுப்பகுதி வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கடிதம் மட்டும் எழுத வைக்காதீர்கள். தோட்டத்துக்கு வரும் கடிதம் காலங்காலமாக ஒபிசுக்குப் போய், அங்கே கிடந்து, கை மாறி, சில நேரம் உறையும் மாறித்தான் லயத்துக்கு வந்திருக்கிறது. போனிலேயே பேசட்டும். அந்தப் போனுக்குப் போட்டிருக்கிற பூட்டை அக்கா விரல் பார்த்தே கற்றுக்கொண்டிருப்பாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கதை தொடங்குவதே அங்கேதான். கதவுள்ள வீட்டில் "சொல்வதா?" என்பது கேள்வி. காம்பராவில் அக்காவுக்கு எல்லாம் முன்னமே தெரியும். தெரிந்ததை வைத்து என்ன செய்வாள் என்பதுதான் கேள்வி. "அம்மாகிட்ட சொல்லவா?" என்ற ஒற்றை வாக்கியத்துக்கு விலைப்பட்டியல் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபா ரீலோட். பீலியிலிருந்து மூன்று நாளைக்குத் தண்ணீர். புது கிளிப். போர்வையின் நல்ல பாதி. இதையெல்லாம் நேரில் பார்க்காமல் எழுதமுடியாது. தங்கச்சியாகப் பிறந்த யாரையாவது கேளுங்கள்.

முன்மாதிரி கேட்பீர்கள். ஷியாம் செல்வதுரை இருக்கிறார். 1994இல் 'ஃபன்னி பாய்': பெண் பிள்ளைகளோடு கல்யாணப்பெண் விளையாட்டு விளையாடி, அந்தப் பெண்ணாக யார் இருப்பது என்று வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாளோடு போட்டி போடும் ஆர்ஜி. 2005இல், இளையோருக்கென்றே எழுதிய 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ'. அதில் 1980இன் கொழும்பு, பதினாலு வயது அம்ரித், அவனோடு வளரும் செல்வி, மாலா. கனடாவிலிருந்து மச்சான்காரன் நிரேஷ் வருகிறான். மாலாவும் அவனும் நெருங்குவதைப் பார்த்து அம்ரித்துக்குப் பற்றி எரிகிறது. பள்ளிக்கூடத்திலோ ஒதெல்லோ நாடக ஒத்திகை. அருமையான வேலை. பொறாமையை இப்படி உடம்புக்குள் இறக்கி எழுதிய இலங்கைக்காரர் குறைவு. ஆனால் அது கொழும்பு வீடு. கதவு உண்டு, வேலைக்காரர் உண்டு. அதிலிருந்து பொறாமையை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு நம்ம ஆள் இருக்கிறார். தெளிவத்தை ஜோசப் 1934இல் பிறந்தது ஹாலிஎலவுக்கு அண்மையில், ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' வந்தது. 2013இல் விஷ்ணுபுரம் விருதுக்காகத் தமிழ்நாடு அவரைக் கூப்பிட்டது. லயத்தின் மணம், பேச்சு, நக்கல் எல்லாம் அவரிடம் படிக்கலாம். எனக்கு மலையக நாவல்கள் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல். துரை, கங்காணி, சம்பளம், அரைப்பேர் எல்லாம் வந்துவிட்டன. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சனம் முதலில் எழுதவேண்டியவையும் அவைதாம். ஆனால் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிள்ளை, இராத்திரி போர்வைக்குள் யாரை நினைத்துக்கொண்டு படுத்தாள் என்று கேட்டால், நான் வாசித்த வரையில், எல்லோரும் சேர்ந்தாற்போல் தொண்டையைச் செருமுகிறார்கள்.

சட்டம் பற்றி ஒரு பந்தி வைக்கலாம், சிரிப்புக்காக. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, ஆணோடு ஆண் இருப்பதைத்தான் குற்றம் என்றது. பெண்கள் அப்படி இருக்கக்கூடும் என்று அதற்குத் தோன்றவேயில்லை. 1995இல் திருத்தினார்கள். எடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டு, பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு வருசம் வரை மறியல். எத்தனையோ விசயத்தில் கிடைக்காத சமத்துவம் இதில் கிடைத்தது. இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், பிரிவு புத்தகத்தை விட்டு இறங்கவில்லை. இதைத் தங்கச்சியின் வாயில் வைக்காதீர்கள். அவளுக்குப் பயம் பொலிஸ் அல்ல, அப்பாயி.

இனி எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை: இதற்குப் பெயர் வைப்பது. பத்திரிகையில் 'தன்பாலீர்ப்பு' என்று போடுகிறார்கள். சுத்தமான சொல், அயர்ன் பண்ணின சட்டை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு பீலிக்குப் போகமுடியுமா? ஊரில் கிடைக்கும் மற்றச் சொற்களெல்லாம் வசவு. என் யோசனை, தமிழிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டை எடுங்கள். "அவ ஒரு மாதிரி" என்பார்கள். எந்த மாதிரி என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் விளங்கும். இன்னொன்று "அப்படி". "நீயும் அவளும் அப்படியா?" என்று அக்கா கேட்டால் போதும், முந்நூறு பக்கம் மிச்சம்.

முடிவில் இரயிலை விடாதீர்கள். தங்கச்சி ஹாலிஎல ஸ்டேஷனில் பொடி மெனிக்கே ஏறி, பனிக்குள் மறைய, அக்கா கையாட்ட... வேண்டவே வேண்டாம். அந்தப் பாதையில் படம் பிடிக்கிறதற்கு எல்லயில் வேண்டிய ஆள் நிற்கிறது.

இப்படிச் செய்யுங்கள். தீபாவளி லீவுக்கு அக்கா வந்திருக்கிறாள். தகரத்தில் மழை. மற்றவர்கள் தூங்கியாயிற்று. தங்கச்சி போர்வைக்குள் போனை மூடிப் பிடித்துக்கொண்டு விரலால் தட்டுகிறாள். அக்கா புரண்டு படுக்கிறாள். சொல்லவா என்று கேட்பாள், ரீலோட் போகும், கிளிப் போகும் என்று தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது, அந்தப் பக்கம் திரும்பு."

திரும்புகிறாள். கொஞ்ச நேரம் மழை மட்டும்.

"அவ சாப்பிட்டாளாமா?"

"ரொட்டிதானாம்."