கூகுளுக்குத் தெரியாத வடை

போன் வாங்கினால் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கும், இயர்போன் இருக்கும் என்பதெல்லாம் பழைய கதை. நெதர்லாந்திலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்த ஃபேர்போன் 3 பெட்டியில் இரண்டும் இல்லை. குட்டியாக ஒரு திருப்புளி இருந்தது. விற்கும்போதே, “இது ஒருநாள் கெடும், நீயே பார்த்துக்கொள்” என்று ஆயுதத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிற கம்பெனியை நான் அதுவரை கண்டதில்லை.

ஆம்ஸ்டர்டாம்காரர்கள். போனுக்குள் போகிற தகரமும் தங்கமும் சண்டை நடக்கும் பூமியிலிருந்து தோண்டப்படுகின்றனவே என்று கேள்வி கேட்கக் கிளம்பியவர்கள், கேட்டுக்கொண்டே இருந்தால் எவனும் பதில் சொல்லப் போவதில்லை என்று கண்டு, 2013-ல் தாங்களே போன் செய்ய இறங்கிவிட்டார்கள். 2019-ல் வந்த இந்த மூன்றாவது போனின் பின்மூடி நகத்தால் நெம்பினால் கழன்றுவிடும். பேட்டரியைக் கையாலேயே எடுக்கலாம். திரை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் ஏற்றும் பகுதி எல்லாம் தனித்தனித் துண்டுகள். திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும். போன்களைப் பிரித்துப் பார்த்து மார்க் போடும் ஐஃபிக்ஸிட் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. அடுத்த ஆண்டே நல்ல கேமராவோடு ‘3+’ என்று ஒன்றை விட்டார்கள். பழைய போன்காரர்கள் கேமராவை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். (இதே புண்ணியவான்கள்தான் 2021-ல் நான்காவது போனில் இயர்போன் துளையை அடைத்துவிட்டு, கூடவே வயர் இல்லாத இயர்போனும் விற்றார்கள். கொள்கைக்கும் கல்லாப்பெட்டி உண்டு.)

என் குறை என்னவென்றால், இந்த போன் கெட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது. திருப்புளியை மேஜை டிராயரில் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறேன். ஒரு லொடலொடப்பு? ஊஹும். ஒருமுறை மாடிப்படியில் விழுந்தது. ஓடிப்போய் ஆசையாக எடுத்துப் பார்த்தால் கீறல்கூட இல்லை.

கெட்டதென்னவோ மனைவியின் போன். முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துப் பசை போட்டு ஒட்டிய ரகம். பேட்டரி பூரி மாதிரி உப்பிக்கொண்டு திரையைத் தூக்கிவிட்டது. “பார்த்தாயா, இதைத் திறக்கவே முடியாது” என்று நான் பிரசங்கம் செய்துகொண்டே ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனேன். அங்கே மீசை அரும்பாத ஒரு பையன், பிரசங்கம் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. போனைச் சூட்டுத் தகட்டில் கிடத்தினான். பசை இளகியதும் பிளாஸ்டிக் சில் ஒன்றை ஓரத்தில் செருகி, அப்பளத்தை உடையாமல் எடுக்கிற பக்குவத்தோடு சுற்றிலும் ஓட்டினான். மூடி வந்துவிட்டது. நாங்கள் கரும்புச் சாறு குடித்து வருவதற்குள் புது பேட்டரி போட்டு ஒட்டியே விட்டான்.

என் பெருமையை எங்கேதான் கொண்டுபோய் வைப்பது? என் போனை எடுத்து, நகத்தால் திறந்து காட்டினேன். பையன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சூப்பர்ணே. இதுக்கு டிஸ்ப்ளே எங்க கிடைக்கும்?”

“ஆம்ஸ்டர்டாம்ல.”

“அப்ப கீழ போடாம வச்சுக்கோங்கண்ணே.”

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி. ஒரு மாடல் விற்பனையிலிருந்து போன பிறகும் 7 ஆண்டுகளுக்கு அதன் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். நமக்கு மச்சினன் சூட்கேஸில் இடம் கிடைக்க வேண்டும்.

இத்தோடு நின்றிருக்கலாம். மச்சினன் போனில் ‘இ ஓஎஸ்’ என்பதையும் ஏற்றிக் கொடுத்திருந்தான். 1998-ல் மாண்ட்ரேக் லினக்ஸைச் செய்த கேல் டுவால் என்ற பிரெஞ்சுக்காரரின் கைங்கரியம். ஆண்ட்ராய்டிலிருந்து கூகுளை உருவி எடுத்துவிட்டு, அதன் வேலைகளைக் கூடுமானவரை ‘மைக்ரோஜி’ என்ற மாற்று ஆளை வைத்து ஓட்டுவது. கிராஃபீன்ஓஎஸ் என்று இன்னொன்று. பாதுகாப்பில் இன்னும் கறார். ஆனால் பல ஆண்டுகளாக அது ஓடியது பிக்சல் போன்களில் மட்டும்தான். பிக்சல் யாருடையது? கூகுளுடையது. கூகுளிடமிருந்து தப்பிக்க முதலில் கூகுளிடம் பணம் கட்டவேண்டும்.

“நம்ம கிண்டியில இல்லாததா?” என்றாள் மனைவி. அவள் சொன்னது 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளர்ப்பில் வந்த பார்ஓஎஸ். மத்திய அமைச்சர்களே வந்து சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அது ரகசியம் காக்கவேண்டிய நிறுவனங்களுக்கென்று சொல்லப்பட்டது. வடை தின்பதை மறைக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்?

வடைக்கு வருகிறேன். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால், அது முதலில் கூகுளிடம், “இந்த போன் உனக்குத் தெரிந்த போன்தானா?” என்று விசாரிக்கிறது. கூகுளை நான்தான் வீட்டைவிட்டுத் துரத்தியாயிற்றே, அது எனக்கு எப்படி ஜாமீன் நிற்கும்? என் வங்கி கதவைச் சாத்திவிட்டது. கேப் செயலியில் மேப் வர வேண்டிய இடம் வெள்ளைத் தாளாக நின்றது. டீக்கடையில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், “சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணுங்க” என்கிறார் மாஸ்டர்.

ஆகவே இப்போது கேப் பிடிப்பது மனைவியின் போனில். எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் எல்லாம் அவளுக்கு வந்துவிடும். டீக்கடையிலிருந்து மாஸ்டரின் நம்பரைச் சொன்னால், அவள் வீட்டிலிருந்தே பணம் அனுப்பிவிடுவாள். முன்பெல்லாம் நான் வடை தின்பது கூகுளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அது என் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மிஞ்சிப்போனால் எண்ணெய் விளம்பரம் காட்டும்.

நேற்று சாயங்காலம் செருப்பைக் கழற்றவில்லை, விசாரணை ஆரம்பித்துவிட்டது.

“டீ பதினஞ்சு, வடை பன்னிரண்டு. முப்பத்தொன்பது எப்படிங்க ஆச்சு?”

“விலையை ஏத்திட்டான்.”

“ஏத்தலையாம். அந்த நம்பருக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன்.”