இன்னொரு எம்.ஏ. போடுகிறவர்

திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்தில் இவரைத் தேடாதீர்கள். சாதாரண நாளில், ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஆள் இருப்பார். கையில் ஒரு விண்ணப்பம் இருக்கும். முதல் எம்.ஏ. வரலாறு, ரெகுலரில் படித்தது. அடுத்தது சமூகவியலா, பொது நிர்வாகமா, கரஸ்ல போடலாமா என்பதுதான் இப்போதைய விசாரம்.

"பிஎச்.டி. எப்போ தம்பி?" என்பார் டீக்கடைக்காரர்.

"அடித்தளம் ஸ்ட்ராங்கா இருக்கணும்ணா. இன்னொரு எம்.ஏ. போட்டுட்டா..."

"நாலு வருசமா பேஸ்மட்டமே போட்டுக்கினு இருக்கியே, சுவரு எப்பப்பா எழுப்புவ?"

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகள் முதுகலையில் 55 சதவீதம் கேட்கின்றன. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். எத்தனை முதுகலை என்று கேட்கவில்லை. நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலையே இல்லாமல் விண்ணப்பிக்கலாம். சொன்னால், "அது வேறண்ணா" என்பார். அதே விதிகள் எம்.ஃபில்.லை நிறுத்தியபோது இடிந்தே போனார். தள்ளிப்போட இருந்த ஒரு நல்ல சாக்கு போயிற்றே! ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அதே ஆண்டில் குழு அறிவித்ததை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

முடிவெடுக்கவென்றே கிரிவலம் போவார். பதினான்கு கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் சமூகவியல்; நிருதி லிங்கத்தில் பொது நிர்வாகம். குபேர லிங்கத்தில் மட்டும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை ஞாபகம் வரும்: மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30, சலுகை உள்ளவர்களுக்கு மேலும் ஐந்து என்பதும் கூடவே ஞாபகம் வர, நடை வேகமாகும். ஈசானியத்தில் மறுபடியும் சமூகவியல்.

நெறியாளர்கள் இவருக்காகக் காத்திருப்பதில்லை. உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் நான்கு பேரையும் பேராசிரியர் எட்டுப் பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். காலியான ஓர் இடத்தில் இவருடைய ஜூனியர் போய் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, சினாப்சிஸ் கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணா" என்று இவரிடமே வந்தான். இவரும் எழுதிக் கொடுத்தார். முதல் தடவையிலேயே தேறிவிட்டது!

வீட்டில் அம்மாவுக்கு ஒரே ஆறுதல், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நிறைய வரும் என்பது. பெண் வீட்டார்தான் எழுத்துகளைத் தாண்டி, "பையன் என்ன பண்றாரு?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காமல், பதினாறு வயதில், 1896இல் இதே ஊருக்கு வந்து சேர்ந்தவர் ரமணர். 'நான் யார்?' என்ற ஒரே கேள்வியைத்தான் கடைசிவரை எல்லோரிடமும் கொடுத்தனுப்பினார். நம்மவரிடம் எல்லாம் இருக்கிறது, கேள்விதான் இல்லை.

துறை மாறுகிறவருக்கு இரண்டாவது முதுகலை நியாயம்தான். கணக்குப் படித்தவர் தமிழில் ஆய்வு செய்ய எம்.ஏ. தமிழ் போடட்டும். மற்றவர்கள், கேள்வி இருந்தால் நேரே நெறியாளரைப் போய்ப் பாருங்கள். கேள்வியே இல்லையென்றால், மூன்றாவது எம்.ஏ.வும் அதைத் தராது.