பத்தரை மணி நேரப் பேச்சு

2015 டிசம்பர் 2. சிரியாவில் ஐ.எஸ். மீது குண்டு போடலாமா என்று பிரிட்டன் நாடாளுமன்றம் பத்தரை மணி நேரம் வாதாடியது. 2013இல் இதே சபை, அன்றைய சிரிய அதிபர் அசாத்தை அடிக்க வேண்டாமென்று 13 ஓட்டு வித்தியாசத்தில் கைவிரித்திருந்தது. நாடு அதேதான்; எதிரிதான் மாறியிருந்தார்.

தரையில் சண்டை போட 70,000 மிதவாதப் போராளிகள் உண்டு என்றார் பிரதமர் கேமரன். அந்தத் தலைக்கணக்கை அவர் கட்சியின் ஜூலியன் லூயிசே நம்பவில்லை.

எதிர்வரிசையில்தான் வேடிக்கை அதிகம். தலைவர் கோர்பின் கூடாது என்றார். அவருடைய நிழல் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி பென் எழுந்து, போட்டே ஆகவேண்டும் என்று முழங்கினார். கைதட்டும் வழக்கமில்லாத அவையில் கைதட்டல்!

397க்கு 223.

ஓட்டெண்ணிய சூடு ஆறுமுன் சைப்ரசின் அக்ரோத்திரி தளத்திலிருந்து டொர்னாடோ போர் விமானங்கள் கிளம்பிவிட்டன. பழகிய வழிதான், பக்கத்து ஈராக்கில் ஓராண்டுக்கும் மேலாக அவை குண்டு போட்டுக்கொண்டுதான் இருந்தன. பத்தரை மணி நேரமும் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு.