பி.கு. ஆசாமி

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏலம் முடிந்தால்தான் நல்ல விலை போகும் என்று கணக்குப் போட்டு, சரியாக ஏழு நாள் முன்பே பொருளை இபேயில் ஏற்றிவிடுகிற அளவுக்கு விவரமானவர்தான் பி.கு. ஆசாமி. இங்கிலாந்தில் ஊருக்கு நாலு பேர் இப்படி உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாமனாரின் பரணைக் காலி செய்கிற பொறுப்பு தலையில் விழுந்தவர். நாலு பக்கமும் படம் எடுப்பார், அட்டைப்பெட்டிக்கு அளவெடுப்பார், தபால் செலவைப் பென்னி பிசகாமல் போடுவார். விற்கப்போகிற பொருளை உற்றுப் பார்ப்பது ஒன்றைத்தான் செய்யமாட்டார்.

அதற்கு முதல் கேட்பு வரவேண்டும்.

யாரோ 20 பவுண்டுக்குக் கேட்டிருக்கிறார் என்று கைப்பேசி சிணுங்கியதும் மனசாட்சி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கேனான் ஏஇ-1 புரோகிராம், நன்றாக வேலை செய்கிறது’ என்று தலைப்புப் போட்ட ஃபிலிம் கேமராவை மேசை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்பார். முகப்பில் ஏஇ-1 மட்டும்தான் இருக்கும். புரோகிராமைக் காணோம். ஏஇ-1 வந்தது 1976இல். புரோகிராம், 1981இல் பிறந்த தம்பி. அண்ணனிடம் ஷட்டர் வேகத்தை நாம் சொன்னால், லென்ஸ் திறப்பை அது பார்த்துக்கொள்ளும். தம்பி இரண்டையுமே தானாக முடிவு செய்யும். கேமரா பித்தர்களிடம் இதைச் சின்னப் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அழித்துவிட்டுத் திருத்தலாம் என்று போனால் இபே விடாது. கேட்பு விழுந்த ஏலத்தில் பழைய விவரம் அப்படியே நிற்கும்; அதன் கீழே கூடுதலாக எழுதலாம். எழுதிய தேதியும் சேர்ந்து ஏறிவிடும். நியாயம்தான், 20 பவுண்டு கேட்டவர் எதைப் படித்துவிட்டுக் கேட்டாரோ, அது காணாமல் போய்விடக் கூடாதல்லவா? ஆனால் நம் ஆசாமியின் கையில் இந்த வசதி கிடைத்தால், விற்பனைப் பக்கம் வில்லங்கச் சான்றிதழாக மாறிவிடுகிறது.

செவ்வாய்: ‘பி.கு. இது புரோகிராம் அல்ல, வெறும் ஏஇ-1. மன்னிக்கவும்.’ புதன்: ‘பி.கு. ஷட்டரை அழுத்தினால் கேமரா இருமுகிறது.’ உண்மைதான். அந்தக் காலத்துக் கேனான்களில் கண்ணாடியை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்துபோனால் இப்படி ஒரு சத்தம் வரும். சேகரிப்பவர்களும் அதை ‘கேனான் இருமல்’ என்றே சொல்கிறார்கள். வியாழன்: ‘பி.கு. மறுபடி கேட்டுப் பார்த்தேன். இருமல் என்பதைவிட விசும்பல் என்பது பொருந்தும்.’ வெள்ளிக்கிழமைப் பின்குறிப்பு முழுக்கத் தோள்வாரின் நிறம் பற்றியது.

“ரத்து பண்ணிட்டுப் புதுசாப் போட்டா என்ன?” என்று வீட்டம்மா கேட்பார். பண்ணலாம். விவரத்தில் பிழை என்று காரணம் காட்டிக் கேட்புகளை ரத்து செய்ய விதியில் இடமுண்டு. கடைசி 12 மணி நேரத்துக்குள் போய்விட்டால்தான் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் கேட்டவர்கள் மனம் என்ன பாடுபடும்? எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவார்: விவரம் பெரிதாக மாறினால் கேட்டவர் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது, தயங்காமல் விலகிக்கொள்ளுங்கள் என்று. வாங்க வந்தவரை வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் வழியனுப்புகிற வியாபாரி இவர் ஒருவர்தான்.

யாரும் போகமாட்டார்கள். ஒருவர் மட்டும் பதில் போடுவார்: “ஐயா, இருமலை நானே சரிசெய்துகொள்வேன். தயவுசெய்து இனி எதுவும் எழுதாதீர்கள். நீங்கள் எழுத எழுத மற்றவர்களுக்கும் நம்பிக்கை வந்து விலை ஏறுகிறது.”

பிழையை நம்பியே பிழைக்கிறவர்களும் இணைய ஏலத்தில் உண்டு. எழுத்துப்பிழையோடு தேடுவதுதான் அவர்கள் தொழில். தப்பான பெயரில் கிடக்கும் பொருள் வேறு யார் கண்ணிலும் படாது. 2007இல் ஒரு பழைய பீர் பாட்டில் ஏலத்துக்கு வந்தது. ஆர்க்டிக்கில் காணாமல்போன ஜான் ஃபிராங்க்ளினைத் தேடி 1852இல் எட்வர்ட் பெல்ச்சர் புறப்பட்டாரே, அந்தப் பயணத்துக்காக ஆல்சாப் நிறுவனம் காய்ச்சிய சரக்கு. விற்றவர் ஆங்கிலத்தில் ஆல்சாப் என்று எழுதும்போது ஒரு ‘பி’யை விழுங்கிவிட்டார். 304 டாலரோடு கதை முடிந்தது. வாங்கியவர் அந்த ‘பி’யைப் போட்டு மறுபடி ஏற்றினார், கேட்பு 5,03,300 டாலர்வரை போனது. கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டவராம், பணம் வரவில்லை. அது வேறு விஷயம். பி.கு. ஆசாமிக்கு இந்தக் கதையில் உறுத்துவது பணமில்லை. ஏலம் முடிகிறவரை விற்றவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்பதுதான்.

ஒரு வகையில் இபேயே இவர் வம்சத்தில் வந்ததுதான். 1995இல் அதைத் தொடங்கிய பியர் ஒமிட்யார், உடைந்த லேசர் பாயிண்டர் ஒன்றை ஏலம் விட்டார். 14.83 டாலருக்குப் போனது. மனசு கேட்காமல், “அது உடைந்தது என்று தெரியும்தானே?” என்று எழுதிக் கேட்டார். வாங்கியவர் உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவராம்.

நம் ஆசாமியின் கேமராவும், எழுதவேண்டாம் என்று கெஞ்சியவருக்கே போய்ச் சேர்ந்தது. மறுவாரம் அவர் பாராட்டுக் குறிப்புப் போட்டார்: “சொன்னபடியே இருக்கிறது.” விற்றவர் பதில் எழுத அங்கும் ஒரு கட்டம் உண்டு. பத்து நிமிடத்தில் அதுவும் நிரம்பியது: “நன்றி. ஆனால் தோள்வார் கறுப்பு என்று எழுதியிருந்தேன். அது கரும்பழுப்பு.”