கறுப்பு கலர் இருக்கா சார்?

ஜூனில் பள்ளி திறந்ததும் ஓவிய வாத்தியார் முதலில் கேட்பது இயற்கைக் காட்சி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்: இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, டிக் மார்க் மாதிரி நாலு பறவை.

வடசென்னையின் எண்ணூர்ப் பிள்ளைகள் மலைக்கு எங்கே போவார்கள்? அனல்மின் நிலையப் புகைபோக்கிதான் மலை. "சார், புகைக்கு இன்னா கலர் சார்?" என்று கேட்டால் எந்தப் பாடத்திட்டத்தில் விடை இருக்கிறது? ஆற்றுக்கு நீலம் அடிப்பதும் சிக்கல். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களே கறுத்துப்போன ஊர் இது.

வாத்தியாரின் படம் இதைவிட வெளிறியது. அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாம் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. சம்பளம் 12,500 ஆகவே பன்னிரண்டு வருடம் பிடித்தது. பல வருடங்கள் மே மாதம் சம்பளமே இல்லாமல் இருந்தது. கோடையில் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரியாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

வடசென்னைப் பெற்றோர்களே, கலர் பெட்டி வாங்கும்போது கறுப்பு மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள்.