நெய்ப்பானைக்குக் காவல் யார்? – கண்காணிப் பதவி குறித்த ஓர் ஆய்வு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த 15 படுக்கை ஆதுலர் சாலைக்கு (மருத்துவமனைக்கு) மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நாவிதர் என்று ஆள்கணக்கும் மருந்துப் பட்டியலும் அதில் இருக்கின்றன. மருந்துகளில் ஒன்று பழைய நெய். அறிஞர்கள் சோழர் மருத்துவத்தை வியந்தார்கள். நமக்கு எழும் ஐயம் வேறு: நெய்ப்பானைக்குக் காவல் யார்?

இத்தகைய ஐயத்திலிருந்தே கண்காணி பிறந்தார் என்பது நம் எடுகோள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிர்வாகத்துக்கு ஸ்ரீகாரியம் என்று ஒருவர். அவருக்கு மேல் ஸ்ரீகாரியக் கண்காணி. கண்காணியை யார் பார்த்தார்? கல் பேசவில்லை, ஆய்வு நெறிப்படி நாமும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டாம் கட்டத்தில் பதவி கடல் கடந்து இலங்கையில் மலையேறியது. ஏறிய இளைப்பில் ணகரம் ஙகரமாகி, கங்காணி ஆனது. (மொழியியலார் வேறு காரணம் சொல்வார்கள், அவர்கள் மலையேறியதில்லை.) தோட்டங்களில் பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி எனப் படிநிலைகள் வந்தன. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. அதைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. நெய்யைப் பார்த்த கண் இப்போது மனிதரைப் பார்த்தது.

மூன்றாம் கட்டத்தில் மரியாதை விகுதி சேர்ந்து கண்காணிப்பாளர் ஆனார். மாவட்டக் காவலுக்கும் அவரே, அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்கும் அவரே. நான்காம் கட்டத்தில் ஆளே தேவைப்படவில்லை. பதவி கம்பத்தில் ஏறிக் கண்காணிப்பு கேமரா ஆயிற்று. சம்பளம், பென்ஷன், தலைக்காசு எதுவும் கேட்காத முதல் கண்காணி இதுவே.

ஆய்வு முடிவு: எந்தக் காலம் எதை இழக்க அஞ்சியதோ, அதன்மேல் கண்காணியை நிறுத்தியது. கோயில் நெய்க்கு அஞ்சியது. தோட்டத்துரை ஆள் ஓடிவிடுவானென்று அஞ்சினார். அலுவலகம் பத்து மணிக்கு அஞ்சுகிறது. கண்காணியைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டினால் அந்த வேலை உங்களுக்கே. 30 நாளில் பதில் தர வேண்டும். வாசகரே, மனுவை எழுதுங்கள்.