எஞ்சினுக்கு ஒரு கங்கா ஸ்நானம்

ஆயுத பூஜை நெருங்கினால் எங்கள் ஊர் வாட்டர் சர்வீஸ் கடை வரிசை பைபாஸ் ரோடு வரை வந்துவிடும். வண்டியின் மேனியைக் கழுவினால் போதாதாம், எஞ்சினும் குளித்தாக வேண்டும். சந்தனம், குங்குமம் வைப்பது என்னவோ பானெட்டின் மேல்தான். சரஸ்வதி அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததாக இதுவரை தகவல் இல்லை.

என் மாமனார் இந்த விஷயத்தில் கொள்கைப் பிடிப்புள்ளவர். அம்பாசடர் காலத்து மனிதர். "அப்பல்லாம் ஆத்துல இறக்கியே கழுவுவோம் மாப்பிள்ளை" என்பார். கழுவியது உண்மைதான். அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஆள் சேர்த்துத் தள்ளி வண்டியைக் கிளப்பிய பகுதி அவர் கதையில் வராது. "தள்ளினதுல நானும் ஒருத்தி" என்று அடுக்களையிலிருந்து அத்தைதான் சேர்ப்பார்.

இப்போதைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஈசியு என்ற கம்ப்யூட்டரும், சென்சார்களும், கொத்துக் கொத்தாய் வயரும் இருக்கின்றன. கனெக்டர்களின் ரப்பர் சீல் மழைக்குத் தாங்கும். பிரஷர் கன் வேறு ஜாதி. வீட்டு உபயோக மெஷினே 100 பாருக்கு மேல் அடிக்கும். நம் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஐபி 67 முத்திரை பெற்ற பொருள் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் கிடந்தாலும் பிழைக்கும். பீய்ச்சி அடித்தால் பிழைக்கும் என்று அந்த முத்திரை சொல்லவில்லை. இதை மாமாவிடம் விளக்கினேன்.

"முங்கினாலே ஒண்ணும் ஆகாதுங்கறீங்க. அப்புறம் என்ன பயம்?"

வாட்டர் சர்வீஸில் கன் பிடித்த தம்பி பொறுப்பானவன். ஆல்டர்னேட்டருக்கு ஒரு ஜவுளிக்கடைப் பையைச் சுற்றினான். ஃபியூஸ் பாக்ஸுக்கு இன்னொன்று. "காசு குடுக்கறோம்ல, நல்லா அடிப்பா" என்றார் மாமா. அடித்தான். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் ஆழக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. கார் உதறிக்கொண்டே வீடு வந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

"பாத்தீங்களா, குளிச்சதும் விளக்கேத்திடுச்சு" என்றார் மாமா.

காயிலைக் கழற்றி, குழிக்குள் காற்றடித்து நீரை வெளியேற்றிய மெக்கானிக் வாங்கிய கூலி, குளிப்பாட்டிய கூலியைவிட அதிகம். போதாக்குறைக்கு, பளபளக்கட்டும் என்று அடிப்பக்கம் டீசல் வேறு அடித்திருந்தார்கள். டீசல் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். அதன்மேல் ஊர்ப் புழுதி முழுக்க வந்து ஒட்டும். ஆக, மறுபடி கழுவ வேண்டும். கடைக்காரருக்கு வியாபாரம் தெரியும்.

"ஆயில் எங்க கசியுதுன்னு அழுக்கைப் பார்த்துத்தான் சார் கண்டுபிடிப்போம். அதையும் கழுவிட்டு வந்து நின்னா நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று மெக்கானிக் குறைப்பட்டுக்கொண்டார். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் கழுவினால் அது நியாயம். மண் உள்ளே விழாது. மற்ற நாளில் ஆறிய எஞ்சினுக்கு ஈரத்துணியும் பழைய பெயிண்ட் பிரஷும் தாராளம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களே, பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் கண்ணாடியாய் மின்னினால் உடனே விலை பேசாதீர்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, குனிந்து அடியில் ஒருமுறை பாருங்கள்.